மேட்டு வழிக்கு ஒற்றைக் கியர்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கத்தால் உலகப் புகழ்பெற்ற சாம்பியன் ரீப்ஸ், பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகு, பிழைப்புக்குப் பெங்களூரை நம்பியிருக்கும் ஊராகிவிட்டது. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களைக் கடந்து, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் ரயில்களில் தங்கவயல் மக்கள் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியுமுன் ஏறி, இருட்டிய பிறகே திரும்புகின்றனர். வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையிலுள்ள தொலைவு, நடந்தால் நேரத்தைத் தின்பதாகவும் ஆட்டோவில் சென்றால் கூலியைத் தின்பதாகவும் இருப்பதால், அந்த இடைவெளியை நிரப்பச் சைக்கிளைவிடச் சிக்கனமான வழி வேறில்லை.

ஆனால் எந்தச் சைக்கிள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. தங்கவயல், வடக்குத் தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளும் ஒடுங்கிய கரும்பாறைப் பட்டை ஒன்றின்மேல் அமைந்தது. அதன் இருபுறமும் கருங்கல் குன்றுகளும் செம்மண் சரளையும் பரந்துள்ளன. ஆங்கிலேயர் காலத்தில் சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட 'லைன்' குடியிருப்புகள் ஏற்ற இறக்கமான நிலத்தில் சிதறிக் கிடக்க, அவற்றை இணைக்கும் பாதைகள் பல இடங்களில் தார் பெயர்ந்து சரளையாகிவிட்டன. சமவெளிச் சாலைக்காக வடிவமைக்கப்பட்ட கறுப்புச் சைக்கிளுக்கு இந்த நிலம் ஒத்துவருவதில்லை. 21 கியர், எண்ணெய் அழுத்த பிரேக், காற்றடைத்த அதிர்வுதாங்கி ஆகியவற்றுடன் வரும் தரமான மலைச் சைக்கிளோ, பெங்களூரில் காவலாளியாகவோ கட்டடத் தொழிலாளியாகவோ வேலை செய்பவரின் ஒரு மாத ஊதியத்தையே விழுங்கிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே, அதே மலைச் சைக்கிளின் தோற்றத்தை மட்டும் மலிவாக விற்கும் வண்டிகள் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. இத்தகைய ஊருக்குப் பொருத்தமான மலைச் சைக்கிள் அந்த வரிசையில் இல்லை. பழைய இரும்புச் சட்டகம் ஒன்றை எடுத்து, ஒரே பல்விகிதத்தை வைத்து, உள்ளூர் சைக்கிள் கடையின் கைவேலையால் அதை உருவாக்கிக்கொள்ள முடியும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

பழைய இரும்பிலிருந்து பிறந்த வண்டி

மலைச் சைக்கிள் என்ற வகையே பழைய சாமான்களிலிருந்து பிறந்தது என்பதை இன்றைய விளம்பரங்கள் மறக்கச் செய்துவிட்டன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மரின் வட்டாரத்தில், 1970களின் நடுவில் சில இளைஞர்கள் 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட ஷ்வின் போன்ற கனத்த சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளிலிருந்து மிகக் குறைந்த விலைக்கு வாங்கி, மட்கார்டு முதலானவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, தமால்பாய்ஸ் மலைச் சரிவுகளில் இறக்கி ஓட்டினர். அவற்றில் பெரும்பாலானவை ஒற்றைக் கியர் வண்டிகள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர மையத்துக்குள்ளேயே பிடிக்கும் 'கோஸ்டர்' பிரேக் மட்டுமே அவற்றுக்கு இருந்தது. 1976 அக்டோபர் 21 அன்று பேர்பேக்ஸ் ஊருக்கு அருகில் தொடங்கிய 'ரீபேக்' பந்தயத்தில், சுமார் இரண்டு மைலில் 1,300 அடி இறங்கும் பாதையின் அடிவாரத்தை அடைவதற்குள் பிரேக்கின் சூட்டில் மையத்திலிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும் என்பதால், ஒவ்வோர் இறக்கத்துக்குப் பின்னும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. பந்தயத்தின் பெயரே அந்த வேலையிலிருந்து வந்தது. கேரி பிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ், டாம் ரிட்சி ஆகியோர் இந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள். இத்தகைய ஓட்டத்துக்கென்றே புதிதாகச் சட்டகம் செய்யும் முயற்சியை ஜோ பிரீஸ் 1977இல் மேற்கொண்டார். பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் மலைச் சைக்கிளாகக் கருதப்படும் ஸ்டம்ப்ஜம்பர் 1981இல்தான் சந்தைக்கு வந்தது. ஆக, வாங்கும் பொருளாக மாறுவதற்கு முன்பு மலைச் சைக்கிள் என்பது சேர்த்துக் கட்டும் பொருளாகவே இருந்தது.

இந்தியாவில் கதை வேறு திசையில் சென்றது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரிலும், 1951இல் அட்லஸ் சோனிபத்திலும், 1956இல் ஹீரோ லூதியானாவிலும் உருவாக்கிய வண்டிகள் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் அமைந்தவை: 28 அங்குலச் சக்கரம், கம்பியால் இயங்கும் ராட் பிரேக், முன்னே 44 அல்லது 48 பல், பின்னே 18 பல், மொத்த எடை 20 கிலோவுக்கு மேல். சட்டகத்துக்கான இரும்புக் குழாயை டிஐ தரப்பினர் 1955 முதல் ஆவடியிலேயே செய்யத் தொடங்கினர். 1960இல் சங்கிலிக்கும் அம்பத்தூரில் தொழிற்சாலை வந்தது. நெல் மூட்டையையும் பால் கேனையும் குடும்பத்தையும் ஏற்றிச் சென்ற இந்த வண்டி ஒற்றைக் கியர் வண்டியே என்றாலும், அதைக் குறை என்று எவரும் கருதியதில்லை. 1990களில் 26 அங்குலச் சக்கரமும் நேரான ஹேண்டில்பாரும் தடித்த டயரும் கொண்ட 'எம்டிபி' வண்டிகள் பரவலாக வந்தபோது, வடிவம் மட்டும் கலிபோர்னியாவிலிருந்து வந்ததே தவிர, பெரும்பான்மையான வண்டிகளின் பல்விகிதம் கறுப்புச் சைக்கிளினுடையதாகவே நீடித்தது. மலையேறும் பெயரும் சமவெளிப் பல்விகிதமும் சேர்ந்த இந்த முரண்பாடே இன்றுவரை தொடர்கிறது.

ஆயினும் அந்த வண்டிகள் வீணானவை அல்ல. அவற்றின் இரும்புச் சட்டகங்கள் தடிமனான குழாயால் ஆனவை, பற்றவைக்க எளியவை, பின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய கிடைமட்டப் பிளவு உடையவை. ஒற்றைக் கியர் வண்டிக்கு இந்தக் கடைசிப் பண்பு இன்றியமையாதது. கியர் வண்டிகளில் செயினின் தொய்வை இழுத்துப் பிடிக்கப் பின்னே ஒரு கருவி தொங்குவதால் அச்சை நகர்த்த வேண்டியதில்லை, எனவே அவற்றின் பிளவுகள் செங்குத்தாக இருக்கும். கியர் வண்டியை ஒற்றைக் கியராக்க விரும்பும் மேலைநாட்டார் இதற்கெனத் தனிக் கருவி வாங்குகின்றனர். நம் ஊர்ப் பரண்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கிடக்கும் கியரில்லாச் சட்டகத்துக்கு அந்தச் செலவு இல்லை.

பற்களின் கணக்கு

சிக்கனமாகச் சைக்கிள் கட்டுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது நிறமோ டயரோ அன்று, பல்விகிதமே. பெடலோடு சுழலும் முன்பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின்சக்கரத்தில் திருகப்பட்டிருக்கும் ஃப்ரீவீலின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே பல்விகிதம். பெடல் ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை அது சொல்லும். 44க்கு 18 என்றால் விகிதம் 2.44. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.07 மீட்டர் என்பதால், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் நகரும். ஃப்ரீவீலை மட்டும் 22 பல்லாக மாற்றினால் விகிதம் சரியாக 2 ஆகி, ஒரு சுற்றுக்கு 4.14 மீட்டர் நகரும். உலகெங்கும் 26 அங்குல ஒற்றைக் கியர் மலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் நெடுங்காலப் பழக்கத்தில் வந்து சேர்ந்த இடமும் இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதமே. அவர்கள் பெரும்பாலும் 32க்கு 16 என்ற பற்களால் அதை அடைகின்றனர். 44க்கு 22 என்பதும் அதே கணக்குத்தான்.

இந்த மாற்றம் ஏற்றத்தில் என்ன தரும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளம் 16.5 சென்டிமீட்டர், டயருடன் சேர்ந்த சக்கரத்தின் ஆரம் 33 சென்டிமீட்டர் என்று கொண்டால், பெடலில் தரும் விசை சக்கரத்தின் விளிம்பை அடையும்போது முதலில் பாதியாகிறது, பிறகு பல்விகிதத்தால் மேலும் வகுபடுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர், கிராங்க் கிடைமட்டமாக இருக்கும் நேரத்தில் தம் முழு எடையையும் பெடலில் இறக்கினால், விகிதம் 2 ஆக இருக்கும்போது தரையில் 15 கிலோ தள்ளுவிசை கிடைக்கும். கிராங்க் மேலும் கீழும் செல்லும் தருணங்களில் அது குறைவதால், முழுச் சுற்றின் சராசரி அதில் மூன்றில் இரண்டு பங்கிற்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோவாக நிற்கும். ஆளும் 16 கிலோ வண்டியும் சேர்ந்து 76 கிலோ என்றால், எட்டு அடி நகர்ந்தால் ஓர் அடி உயரும் சரிவுவரை எடையை மட்டும் வைத்தே ஏற முடியும் என்றாகிறது. 18 பல்லுடன் அதே கணக்கைப் போட்டால் பத்துக்கு ஒன்று என்ற சரிவோடு நின்றுவிடும். 22 கிலோ எடையும் 28 அங்குலச் சக்கரமும் உள்ள கறுப்புச் சைக்கிளில் பதினொன்றுக்கு ஒன்று. சரளையின் இழுவை இவை அனைத்தையும் இன்னும் குறைக்கும் என்பதும், ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து மிதிப்பவர் தம் எடையைவிடக் கூடுதல் விசை தர முடியும் என்பதும் உண்மையே. ஆனால் மூன்று வண்டிகளுக்கும் இடையிலான வேறுபாடு மாறாது.

இழப்பு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 70 முறை பெடல் சுற்றுபவர் 18 பல்லில் மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில் செல்வார் என்றால், 22 பல்லில் 17 கிலோமீட்டருக்குச் சற்று மேலேதான் செல்வார். சமவெளி நெடுஞ்சாலையில் இது எரிச்சலூட்டும். மேடும் பள்ளமும் மாறி மாறி வரும் தங்கவயல் பாதையில், ஏற்றத்தில் இறங்கித் தள்ளாமல் போவதால் மிச்சமாகும் நேரம் இந்த இழப்பை ஈடுகட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே 20 பல் என்பது பொதுவான நல்ல சமரசம். மரின் இளைஞர்களும் ஏற்றத்தில் தள்ளிச் செல்லவோ லாரியில் ஏற்றிச் செல்லவோ வேண்டியிருந்ததால்தான் பின்னாளில் பல கியர்களை நாடினர் என்பதை ஒற்றைக் கியரின் பக்தர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒற்றைக் கியர் எல்லா மலைக்கும் விடையன்று, குறுகிய மேடுகளும் இறுகிய பணப்பையும் உள்ள இடத்துக்கு விடை.

ஃப்ரீவீலை மாற்றுவது சைக்கிள் கடையில் அரைமணி நேர வேலை. இந்தியச் சைக்கிள்களின் பின்மையத்தில் ஃப்ரீவீல் ஏறும் மரை, 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரியும் கொண்ட பழைய ஆங்கில அளவு என்பதால், எந்த நிறுவனத்தின் ஒற்றைக் கியர் ஃப்ரீவீலும் எந்த மையத்திலும் ஏறும். முகத்திலுள்ள பிளவுகளில் கருவியைப் பொருத்தித் திருப்பினால் பழையது கழன்றுவிடும். துருவேறி இறுகியிருந்தால் மட்டுமே உளியும் சுத்தியலும் தேவைப்படும். பற்கள் நான்கு கூடுவதால் செயின் நீளம் போதாமல் போகுமோ என்ற ஐயம் இயல்பானது. செயினின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். பற்களில் பாதியளவே செயினால் சுற்றப்படுவதால் கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டு கண்ணி, அதாவது ஓர் அங்குலம். செயினுக்கு மேலோட்டமும் கீழோட்டமும் இருப்பதால் பின் அச்சை அரை அங்குலம் முன்னே நகர்த்தினாலே அது சரியாகிவிடும். எனினும் பழைய செயினைப் புதிய ஃப்ரீவீலில் போடுவது பொய்யான சிக்கனம். தேய்ந்த செயினில் கண்ணிகளுக்கிடையே இடைவெளி கூடிவிடும். புதிதாக இருந்தபோது சரியாக 12 அங்குலம் இருந்த 24 கண்ணிகள் 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் அளந்தால், அந்தச் செயின் புதிய பற்களையும் விரைவில் கொக்கிபோலத் தேய்த்துவிடும்.

முன்பல்சக்கரமும் ஃப்ரீவீலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பது அடிக்கடி மறக்கப்படும் விதி. கோணலான செயின் சத்தமிடும், மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது கழன்று விழும், அப்படி விழும்போது ஓட்டுபவரின் முழங்கால் ஹேண்டில்பாரில் மோதும். நீண்ட இரும்பு அளவுகோலை முன்பல்சக்கரத்தின் முகத்தோடு ஒட்டிப் பின்னே நீட்டினால் கோணல் தெரிந்துவிடும். பின் அச்சில் ஒன்றிரண்டு வாஷர்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிச் சக்கரத்தைச் சற்று நகர்த்தியபின் அதன் கோட்டம் சரிபார்த்தால் பெரும்பாலும் போதும். செயினின் நடுப்பகுதியை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசைய வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தாலும் தவறு, விறைத்து நின்றாலும் தவறு.

சட்டகம்

சட்டகத்தைத் தேர்வதில் பார்வையைவிட நூல் பயன்படும். பின்சக்கரம் பொருந்தும் ஒரு பக்கப் பிளவிலிருந்து தையல் நூலை இழுத்து, முன்தலைக் குழாயைச் சுற்றி, மறுபக்கப் பிளவில் கட்டி, இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்தால் சட்டகம் நேரானதா, விபத்தில் வளைந்ததா என்று தெரிந்துவிடும். தலைக் குழாயின் அடியிலும், பெடல் அச்சு செல்லும் குழாயைச் சுற்றியும் பெயிண்டில் மயிரிழைபோன்ற கோடு ஓடினால் அது பெரும்பாலும் விரிசலே. இருக்கைக் கம்பி துருப்பிடித்து அசையாமல் போயிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது. அதை எடுக்கும் கூலி சட்டகத்தின் விலையை எட்டிவிடும்.

பின்புறம் சுருள்வில் வைத்த மலிவு வண்டிகளை எந்த விலைக்கும் எடுக்கக் கூடாது. அத்தகைய சட்டகத்தில் பின்பகுதி ஓர் அச்சில் மேலும் கீழும் அசையும்போது பெடல் அச்சுக்கும் சக்கர அச்சுக்கும் இடையிலான தொலைவு மாறிக்கொண்டே இருப்பதால், ஒற்றைக் கியர் செயின் ஒரு கணம் விறைக்கும், மறுகணம் தொங்கும். முன்போர்க்கில் வரும் மலிவு ஸ்பிரிங் பற்றியும் இதே தீர்ப்பைத்தான் சொல்ல வேண்டும். வில்லின் துள்ளலை அடக்கும் எண்ணெயோ காற்றோ இல்லாத அந்தப் போர்க், சாதாரண இரும்புப் போர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கனமாக இருப்பதோடு, எழுந்து நின்று மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிப்பின் ஒரு பகுதியையும் தானே உறிஞ்சிக்கொள்கிறது. வாங்குபவரின் கண்ணுக்கு வைக்கப்பட்ட பொருள் அது, கைக்கு வைக்கப்பட்டதன்று.

பள்ளிச் சைக்கிள்களும் உதிரிக்கு நல்ல ஊற்று. தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி 2005-06இல் விரிவாக்கப்பட்ட விலையில்லாச் சைக்கிள் திட்டமும், கர்நாடகத்தில் 2006-07இல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வந்த திட்டமும் விட்டுச்சென்ற வண்டிகளின் பெடல், கிராங்க், இருக்கை, மையம் ஆகியவை இன்றும் புழக்கத்தில் உள்ளன. அவற்றின் சக்கரங்களை மட்டும் அளக்காமல் எடுக்கக் கூடாது.

பணம் போக வேண்டிய இடம்

அளவு என்ற இடத்தில் புதியவர்கள் அதிகம் ஏமாறுகின்றனர். '26 அங்குலம்' என்று எழுதப்பட்ட டயர்கள் எல்லாம் ஒன்றல்ல. பெண்கள் வண்டிகளிலும் மெல்லிய எஸ்எல்ஆர் வகை வண்டிகளிலும் காணப்படும் 26 × 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர்; 26 × 1½ என்றால் 584; எம்டிபியின் 26 × 1.95, 26 × 2.10 ஆகியவை 559. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: பழமையானது என்று மேலைநாடுகளில் ஏறக்குறைய கைவிடப்பட்டிருந்த 584 அளவுதான், 2010களில் 27.5 என்ற புதுப்பெயருடன் விலையுயர்ந்த மலைச் சைக்கிள்களில் திரும்பி வந்தது. டயரின் பக்கவாட்டில் கோடிட்டுப் பொறிக்கப்பட்டிருக்கும் இரண்டு எண்களில் இரண்டாவதைப் படிக்கப் பழகினால் இந்தக் குழப்பம் தீரும்.

சக்கரத்துக்கே மொத்தச் செலவில் பாதி போக வேண்டும் என்பது கஞ்சத்தனத்துக்கு எதிரான யோசனைபோலத் தோன்றலாம். உண்மையில் அதுவே மிகப்பெரிய சிக்கனம். குரோமியம் பூசிய இரும்பு ரிம் கனமானது, கல்லில் இடித்தால் நசுங்குவது, எல்லாவற்றுக்கும் மேலாக மழையில் பிரேக் கட்டையைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்குவது. அலுமினிய ரிம்மில் ஈரத்திலும் பிரேக் பிடிக்கும். இரட்டைச் சுவர் கொண்ட அலுமினிய ரிம் இரண்டை வாங்கி, பழைய மையங்களைத் திறந்து, பால்ஸ்களைப் புதிதாக மாற்றி, 36 கம்பிகளைக் கோத்து, கோட்டம் எடுக்கத் தெரிந்த கைகளிடம் கொடுத்தால், கடையில் கட்டிய வண்டிகளில் காண முடியாத சக்கரம் கிடைக்கும். பழைய மையத்தில் எத்தனை துளை இருக்கிறது என்பதை முதலில் எண்ணிக்கொள்ள வேண்டும். ஆங்கில மரபில் வந்த வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 என்று இருக்கும், அதற்குப் பொருந்தாத ரிம்மை வாங்கினால் பணம் போனதுதான். பின்மையத்தில் பக்கத்துக்கு ஒன்பதாகக் கால் அங்குலப் பால்ஸ்கள். சில ரூபாய்களே விலையுள்ள இந்தக் குண்டுகளை மாற்றாமல் விலையுயர்ந்த டயர் போடுபவர்களும் இருக்கிறார்கள்.

பிரேக்குக்கு அடுத்த பெரும்பங்கு. சட்டகத்திலும் போர்க்கிலும் வி-பிரேக் பொருந்தும் சிறு இரும்புக் குமிழ்கள் இருந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. நீண்ட இரு கைகளும் ரிம்மை இருபுறமும் அழுத்தும் இந்தப் பிரேக்கின் கட்டையையும் கேபிளையும் எந்தக் கடையிலும் மாற்றலாம். குமிழ் இல்லாவிட்டால் அவற்றைப் பற்றவைக்கலாம். சுரங்கத்தின் பட்டறைகளும், பெமல் நிறுவனத்தின் மண்வாரி இயந்திரத் தொழிற்சாலையும் பல தலைமுறைகளுக்கு இரும்பு வேலை கற்றுக்கொடுத்த தங்கவயலில், மெல்லிய குழாயைக் கருக்காமல் பித்தளைப் பற்று வைக்கும் கைகளுக்குப் பஞ்சம் இருக்காது. மிக மலிவான டிஸ்க் பிரேக்கை நாடுவது வீண். அதற்கெனத் தனி மையம் வாங்க வேண்டும், தகடு சற்று வளைந்தாலும் உராய்ந்துகொண்டே இருக்கும், அதன் கட்டை தேய்ந்தால் பொருந்தும் மாற்றைச் சிற்றூர்க் கடையில் தேட வேண்டும்.

எஞ்சிய பணம் டயருக்கும் டியூபுக்கும் போதும். சரளைக்கு 2.10 அங்குல அகலமும் நடுத்தரக் கட்டைகளும் உள்ள டயர் பொருத்தமானது. 60 கிலோ ஆளுக்குச் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 பவுண்டு காற்றழுத்தம் வைத்தால், மலிவு ஸ்பிரிங் செய்யத் தவறும் வேலையை டயரே செய்துவிடும். கல்லாக இறுகக் காற்றடைக்கும் நம் பழக்கம் தார்ச்சாலைக்கு உரியது. மட்கார்டும் கேரியரும் வேண்டுமா என்பதை வண்டியின் வேலை முடிவு செய்ய வேண்டும். சாப்பாட்டுப் பையுடன் நிலையத்துக்குப் போகிறவர், பந்தயக்காரர் தோற்றத்துக்காகக் கேரியரைக் கழற்றுவதில் பொருளில்லை. வீட்டில் பழைய சட்டகம் எதுவும் இல்லாமல், ஒவ்வொன்றையும் கடையில் தேடி வாங்க வேண்டியவருக்கு இந்த வழி உகந்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் ஸ்பிரிங் இல்லாத, கியர் இல்லாத புதிய எம்டிபி ஒன்றை வாங்கி, ஃப்ரீவீலையும் பிரேக் கட்டைகளையும் மட்டும் மாற்றிக்கொள்வதே மலிவு.

உள்ளூரில் பழுதுபார்க்கக்கூடிய வண்டியின் அருமையைத் தமிழர்களில் யாழ்ப்பாணத்தார் அறிந்ததுபோல் வேறு எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோலும் பேட்டரியும் அரிதானபோது, அங்கே விறகிலிருந்து நோயாளிவரை அனைத்தையும் சைக்கிளே சுமந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். கம்பியும் பால்ஸும் செயினும் கொண்டு கையால் சரிசெய்யக்கூடிய எளிய வண்டியாக இருந்ததால்தான் அது அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

ஓட்டக் கூடாத இடம்

இப்படி ஒரு வண்டி தயாரானதும் இளைஞர்களின் கண் முதலில் செல்வது ஊரைச் சூழ்ந்த 'சயனைடு மேடு'களின்மீதுதான். தங்கத்தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கழிவு மூன்று கோடி டன்னுக்கு மேல் அங்கே குவிந்துள்ளது. சரிவும் மடிப்புமாக, திரைப்படக் காட்சிபோல, மலைச் சைக்கிளுக்கென்றே செதுக்கப்பட்டதாகத் தோன்றும் நிலம் அது. ஆனால் அந்த மாவு நுண்ணிய சிலிக்காத் துகள் நிறைந்தது. 1940களில் தங்கவயலில் பரிசோதிக்கப்பட்ட 7,653 சுரங்கத் தொழிலாளர்களில் நாற்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்குச் சிலிக்காத் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸ் நோய் கண்டறியப்பட்டது. மூச்சிரைக்க மிதிப்பவர் சாதாரணமாக நடப்பவரைவிடப் பலமடங்கு காற்றை உள்ளிழுக்கிறார் என்பதால், தாத்தாவின் நுரையீரலைக் கெடுத்த தூசியைப் பேரன் விளையாட்டுக்காக விழுங்குவதாகவே அது முடியும். வேலியிட்ட சுரங்க நிலங்களுக்குள் மூடியும் மூடாமலும் கிடக்கும் செங்குத்துச் சுரங்கக் குழிகளின் ஆபத்து இதற்கும் மேலானது.

ஓட்டுவதற்கு வேறு வழிகள் உள்ளன. பேத்தமங்கலம் ஏரிக்கும், கம்மசந்திரம் கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்கும் செல்லும் சாலைகளிலிருந்து பிரியும் கிராமத்து வண்டித்தடங்கள், குறுகிய ஏற்றமும் சரளையும் கலந்தவை. ஒற்றைக் கியர் எதற்காகவோ அதற்கேற்ற நிலம் அதுவே.

பரணில் பழைய எம்டிபி வைத்திருப்பவர்கள் ஒரேயடியாக எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். ஃப்ரீவீலை 20 அல்லது 22 பல்லாகவும், செயினையும் பிரேக் கட்டைகளையும் புதிதாகவும் மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, அந்த வண்டி தம் வழிக்கு ஒத்துவருகிறது என்று தெளிந்த பிறகு அலுமினிய ரிம்முக்குப் பணம் எடுக்கட்டும்.